சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: பழைய பாய்மரப் படகுக்கு மலிவாய் ஒரு தரை

பாய்மரப் படகின் கேபினுக்குள் நாம் கால் வைக்கிற இடத்தை எல்லாரும் தரை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தரை இல்லை சாமி, அது ஒரு மூடி. இதை மனசு ஒத்துக்கொண்டால், அழுகிப்போன பழைய தரையை மலிவாக மாற்றுவது எப்படி என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கேயே வந்துவிடும். ஒத்துக்கொள்ளாவிட்டால் தேக்கு, வார்னிஷ், பளபளப்பு என்று காசைக் கரைத்துவிட்டு, படகைத் தண்ணீரில் இறக்க வழியில்லாமல் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"படகுத் தரைக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று ஊரில் இருக்கும் வகுப்புத் தோழர்கள் கேட்பது காதில் விழுகிறது :) சம்பந்தம் இருக்கிறது. அமெரிக்காவில் பாய்மரப் படகு என்றால் கோடீஸ்வரன் சமாச்சாரம் என்று நாம் நினைக்கிறோம். புதுப் படகு அப்படித்தான். பழசு அப்படியில்லை.

1959 நியூயார்க் படகுக் கண்காட்சியில் பியர்சன் டிரைட்டன் என்ற 28 அடிப் படகைக் கொண்டுவந்து வைத்தார்கள். கார்ல் ஆல்பர்க் வரைந்தது, ஃபைபர்கிளாஸில் வார்த்தது. 700க்கும் மேல் செய்தார்கள். அதற்கப்புறம் இருபது முப்பது வருடம் ஃபைபர்கிளாஸ் படகுகள் அச்சில் வார்த்த இட்லி மாதிரி வந்துகொண்டே இருந்தன. கேட்டலினா 22 என்ற ஒரே ஒரு ரகம் மட்டும் 15,000க்கு மேல் செய்யப்பட்டது. விஷயம் என்னவென்றால், ஃபைபர்கிளாஸ் உடல் லேசில் சாவதில்லை. ஐம்பது வருடம் கழித்தும் திடமாக இருக்கிறது. அதற்குள் இருக்கும் மரம்தான் செத்துப்போகிறது. அதனால் செசபீக் விரிகுடா மாதிரியான இடங்களில் ஒரு பழைய படகு செகண்ட் ஹேண்ட் கார் விலைக்கும் கீழே கிடைக்கும். சில சமயம் "எடுத்துக்கொண்டு போனால் போதும்" என்று சும்மாவே தருவார்கள்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் மூன்று மாணவர்கள் காசு போட்டு 1970களில் செய்த ஒரு 27 அடிப் படகை இப்படித்தான் வாங்கினார்கள். தரை மொத்தமும் போயிருந்தது. கால் வைத்தால் ஊறின ரொட்டி மாதிரி அமுங்கியது. பழையபடியே தேக்குத் தரை போட என்ன ஆகும் என்று விசாரித்தால், படகு விலையை விட அதிகம் சொன்னார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். கடைசியில் நாங்களே போட்டோம். (நான் கூலியில்லாத ஆள், மூன்று வாரக் கடைசிகள்.) அந்த வேலையில் கைபட்டதும், அதற்காகப் படித்ததும் சேர்ந்துதான் இந்தக் கருத்து.

ஏன் மூடி என்கிறேன்?

படகுக்காரர்கள் பாஷையில் நடக்கிற பலகைக்கு 'ஃப்ளோர்' என்று பெயரே கிடையாது. 'கேபின் சோல்' என்பார்கள். படகில் 'ஃப்ளோர்' என்றால் அதற்குக் கீழே குறுக்கே ஓடும், உடலையும் கீலையும் பிணைக்கிற சட்டங்கள். ஆக படகைத் தாங்குவது சட்டம், நம்மைத் தாங்குவது மூடி. அந்த மூடிக்குக் கீழே இருக்கும் பள்ளத்துக்குப் பெயர் பில்ஜ். படகில் எங்கே ஒழுகினாலும் கடைசியில் தண்ணீர் வந்து சேருகிற இடம். தண்ணீர் இறைக்கும் பம்ப் அங்கேதான் இருக்கும். கீலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் அங்கே இருக்கும். பல படகுகளில் கடல் தண்ணீர் உள்ளே வரவும் வெளியே போகவும் உடலில் போட்ட ஓட்டைகள், அவற்றை அடைக்கிற வால்வுகளும் அங்கேயோ பக்கத்திலேயோ இருக்கும்.

இப்போது பிளஸ் ஒன் இயற்பியலைக் கொஞ்சம் தூசி தட்டுவோம். நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே ஒரு அங்குல விட்டத்தில் ஓட்டை. அதில் மாட்டியிருந்த ரப்பர் குழாய் நடுக்கடலில் கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டாரிசெல்லி சொன்னபடி தண்ணீர் உள்ளே வரும் வேகம் 2 x 9.8 x 0.6-ன் வர்க்கமூலம், அதாவது நொடிக்கு ஏறக்குறைய 3.4 மீட்டர். ஓட்டையின் பரப்பு 5 சதுர செ.மீ. பெருக்கினால் நொடிக்கு 1.7 லிட்டர். ஓட்டை விளிம்பில் ஏற்படும் இழப்புக்குத் தாராளமாகக் கழித்தாலும் நொடிக்கு ஒரு லிட்டர். நிமிடத்துக்கு 60 லிட்டர், நாலு குடம்! 500 கேலன் என்று அட்டையில் போட்டு விற்கிற சின்ன பம்ப் நிமிடத்துக்கு 32 லிட்டர்தான் இறைக்கும், அதுவும் அட்டைக் கணக்குப்படி.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தரையைத் தூக்கு, வால்வை மூடு. தரை தூக்க வராவிட்டால்? பசை போட்டு ஒட்டியிருந்தால்? முப்பது ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தால்? ஒரு பக்கம் கணுக்கால் வரை தண்ணீர், இன்னொரு பக்கம் ஸ்க்ரூ டிரைவர் தேடுகிற படலம். அதனால்தான் சொல்கிறேன், நல்ல தரை என்பது ஒரு கையால், கருவி இல்லாமல், சில நொடிகளில் திறக்கிற தரை. அழகு இரண்டாவது. விலை உயர்ந்த தரையாக இருந்தும் திறக்க வராவிட்டால் அது மோசமான தரை.

தேக்கு மோகம்

பழைய படகுகளின் தரையில் தேக்குப் பட்டைகளுக்கு நடுவே ஹாலி என்ற வெள்ளை மரத்தின் மெல்லிய கோடுகள் ஓடும். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. தேக்குக்கும் நமக்கும் சொந்தமும் உண்டு. 'டீக்' என்ற ஆங்கிலச் சொல்லே மலையாளத்துத் தேக்கு போர்த்துக்கீசியர் வழியாகக் கப்பலேறிப் போனதுதான். ஆனால் தொழிற்சாலையில் செய்த படகுகளில் இருப்பது பெரும்பாலும் முழுத் தேக்கு இல்லை. சாதாரண பிளைவுட், அதன் முகத்தில் ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத தேக்குத் தோல். அதாவது நாம் காசு கொடுப்பது தோலுக்கு, அழுகுவது உள்ளே இருக்கும் பிளைவுட். கொஞ்சம் வேகமாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தோலும் போய்விடும்.

இப்போது நிலைமை இன்னும் கஷ்டம். 2014-ல் மியான்மர் முழு மரமாக ஏற்றுமதி செய்வதைத் தடை செய்தது. 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு அந்நாட்டு அரசு மரக் கழகத்தின் மேல் அமெரிக்கா பொருளாதாரத் தடை போட்டது. தேக்குத் தோல் போட்ட பிளைவுட் ஒரு தாளுக்கே பல நூறு டாலர் ஆகிறது. மாணவனுக்குக் கட்டுப்படியாகுமா?

அழுகுவது எதனால்?

இங்கே ஒரு ஆச்சரியம். படகின் மரத்தை அழுக வைப்பது பெரும்பாலும் கடல் தண்ணீர் இல்லை, மழைத் தண்ணீர். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது. நல்ல தண்ணீர் என்றால் கொண்டாட்டம். ஜன்னல் ஓரம், பாய்மரத் தண்டு கேபினுக்குள் இறங்குகிற துளை, மேல்தளத்தில் போல்ட் போட்ட இடங்கள் என்று எல்லா வழியிலும் மழை உள்ளே வருகிறது. ஐஸ் பெட்டியின் உருகிய தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. எல்லாம் பில்ஜில் தேங்கி, வெயிலில் ஆவியாகி, தரைப் பலகையின் அடிப்பக்கத்தை நனைத்துக்கொண்டே இருக்கிறது.

அந்தப் பலகையின் மேல்பக்கம் பளபளவென்று வார்னிஷ். அடிப்பக்கம்? பல படகுகளில் ஒன்றும் இருக்காது. ஓரங்களிலும் இருக்காது. பிளைவுட்டின் ஓரம் என்பது மர நார்களின் வாய். ஒரு கட்டு ஸ்ட்ராவைத் தண்ணீரில் நிறுத்தினது போல உறிஞ்சும். கண்ணுக்குத் தெரிகிற பக்கத்துக்கு மட்டும் அலங்காரம் செய்து, தெரியாத பக்கங்களை விட்டதுதான் ஐம்பது வருடக் கதை. நாமும் அதையே செய்தால் தேக்கு போட்டாலும் அழுகும், தங்கம் தவிர எது போட்டாலும் அழுகும்.

ஆகவே முதல் செலவு தரைக்கு இல்லை, ஒழுகலை அடைப்பதற்கு. கூரை ஒழுகும்போது கீழே டைல்ஸ் ஒட்டுகிறவனை நாம் என்ன சொல்வோம்?

சரி, எதைப் போடலாம்?

ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். என் தீர்ப்புகள் இவை:

வீட்டுக்குப் போடுகிற லேமினேட் பலகை: வேண்டவே வேண்டாம். உள்ளே இருப்பது மரத்தூளை அமுக்கிச் செய்த அட்டை. ஒரு முறை ஊறினால் பொங்கல் மாதிரி பொங்கும், திரும்ப அடங்காது.

கார்ப்பெட்: மலிவு, காலுக்கு இதம். ஆனால் ஈரத்தைப் பிடித்து வைக்கும், நாறும்.

ஒன்றோடொன்று கோத்துப் போடுகிற வினைல் பலகைகள்: வினைல் தண்ணீருக்கு அசராது. ஆனால் இதன் பலமே தரை முழுக்க ஒரே விரிப்பாகக் கோத்துக் கிடப்பதில்தான். அப்படிக் கிடந்தால் மூடி எப்படித் திறக்கும்? ஒவ்வொரு மூடிக்கும் தனித்தனியாக வெட்டி ஒட்டினால் சரி, ஆனால் மூட்டுகளின் அடியில் ஈரம் ஒளிந்துகொள்ளும்.

ஒரே தாளாக வரும் வினைல்: மூட்டு இல்லாததால் இது தேவலை. தேக்கும் ஹாலியும் மாதிரியே அச்சடித்தது கூடக் கிடைக்கிறது. சொரசொரப்பாக இருப்பதைப் பார்த்து எடுங்கள்.

ஈவிஏ ஃபோம் விரிப்பு: காலுக்கு நல்லது, வழுக்காது. கனமான பொருள் வைத்த இடம் பள்ளம் விழும்.

பிளாஸ்டிக் பலகை, அதாவது ஹெச்டிபிஈ: அழுகவே அழுகாது. ஆனால் வளையும், வெயிலுக்கு நீளும், எந்தப் பசையும் பெயிண்டும் பிடிக்காது, விலையும் மலிவில்லை.

பிளைவுட்டுக்கு எபாக்ஸி, மேலே பெயிண்ட்: என் ஓட்டு இதற்குத்தான்.

எந்த பிளைவுட்? ஊரில் சமையலறை அலமாரிக்கு 'மரைன் பிளை' கேட்டு வாங்குவோம். அது ஐஎஸ் 710 தரம், பூச்சி, பூஞ்சைக்கு மருந்து ஏற்றியது. இங்கே படகுக்காரர்கள் கேட்பது பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் தரம். அதில் நடு அடுக்குகளில் பொந்து இருக்காது, பசை கொதிக்கும் தண்ணீரையும் தாங்கும். ஆனால் மருந்து கட்டாயமில்லை. 'மரைன்' என்று எழுதியிருப்பதால் அழுகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தத் தரத்தில் அதிகம் வருகிற ஒக்குமே மரம் ஈரத்தில் விட்டால் சீக்கிரமே அழுகும் ஜாதி.

மரக்கடையில் கிடைக்கும் வெளிப்புற உபயோக பிளைவுட்டிலும் தண்ணீர் தாங்கும் பசைதான். வித்தியாசம் நடு அடுக்குகளின் தரத்தில். ஓரத்தில் பொந்து தெரிந்தால் எபாக்ஸியால் அடைத்துக்கொள்ளலாம். படகின் உடலுக்கு இது உதவாது. மூடிக்கு, சட்டங்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில், தாராளமாகப் போதும். விலையோ தேக்குத் தோல் பிளைவுட்டில் சிறு பங்கு. மருந்து அழுத்தி ஏற்றிய பச்சை நிற பிளைவுட் மட்டும் வேண்டாம். ஈரத்தோடு வரும், காயும்போது முறுக்கிக்கொள்ளும், எபாக்ஸியும் சரியாகப் பிடிக்காது.

வேலை செய்கிற முறை

1. பழைய தரையை உடைத்துத் தூக்கி எறியாதீர்கள். எவ்வளவு அழுகினாலும் அதுதான் அளவு. துண்டு துண்டாக வந்தால், மெல்லிய மரப்பட்டைகளைக் கேபினுக்குள்ளேயே வைத்து ஹாட் குளூவால் ஒட்டி, ஓரங்களைத் தொடுகிற மாதிரி ஒரு கூடு செய்து வெளியே எடுங்கள். அதை பிளைவுட் மேல் வைத்துக் கோடு போட்டால் அளவு கச்சிதம். படகுக்குள் நேர்கோடு என்று ஒன்று கிடையாது, டேப் வைத்து அளந்தால் மண்டைதான் காயும்.

2. தரை திறந்திருக்கும்போதே கீழே உள்ள சட்டம், கீல் போல்ட், குழாய், கிளிப், வால்வு எல்லாவற்றையும் பாருங்கள். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. சட்டமே அழுகியிருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு, விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

3. ஒரே பெரிய பலகையாக வெட்டாதீர்கள். ஒரு ஆள் தூக்கக்கூடிய துண்டுகளாக, வால்வுக்கும் பம்புக்கும் நேர் மேலே மூடி வருகிற மாதிரி வெட்டுங்கள். சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். பூச்சு ஏறினால் பலகை கொஞ்சம் தடிக்கும், இடைவெளி இல்லாவிட்டால் மூடி சிக்கிக்கொள்ளும். விரல் விட்டுத் தூக்க ஒவ்வொரு துண்டிலும் ஒரு துளை.

4. இதுதான் முக்கியம். ஆறு பக்கமும் எபாக்ஸி: மேல், கீழ், நான்கு ஓரம். ஓரங்களில் உறிஞ்சுவது நிற்கிற வரை திரும்பத் திரும்பத் தடவுங்கள். பிறகு மொத்தத்துக்கும் இரண்டு மூன்று கோட்டிங். முந்தின கோட்டிங் காய்ந்தபின் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரலாம். தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு அடுத்ததைப் போடுங்கள்.

5. ஸ்க்ரூ போடும் இடத்தில் முதலில் பெரிய துளை போட்டு, கெட்டியான எபாக்ஸியால் நிரப்பி, காய்ந்தபின் அதன் நடுவில் சின்னத் துளை. ஸ்க்ரூ எபாக்ஸிக்குள்தான் இருக்கும், தண்ணீருக்கு மரம் தெரியாது.

6. மேலே வீட்டு வராந்தாக்களுக்கு அடிக்கும் தரை பெயிண்ட். இரண்டாவது கோட்டிங்கில் வழுக்காமல் இருக்க நைஸான மணல் தூவுங்கள். அடிப்பக்கம் வெள்ளை பெயிண்ட் அடித்தால், டார்ச் அடிக்கும்போது பில்ஜில் என்ன நடக்கிறது என்று தெளிவாகத் தெரியும்.

7. கையால் திருப்புகிற தாழ்ப்பாள் ஒன்று போடுங்கள். படகு சாய்ந்தால் மூடிகள் பறந்து மண்டையில் விழக்கூடாது, அதே சமயம் கருவி இல்லாமல் திறக்கவும் வேண்டும்.

எபாக்ஸி வேலையில் கையுறை கட்டாயம். தோலில் பட்டுப் பட்டு ஒரு நாள் அலர்ஜி பிடித்தால் பிறகு ஜென்மத்துக்கும் விடாது. தேய்க்கும்போது முகமூடி. பலகைகளை வெளியே எடுத்து வந்து காற்றோட்டமாக வேலை செய்யலாம் என்பது கழற்றும் தரையின் இன்னொரு லாபம்.

மறுப்புகளும் உண்டு

"பெயிண்ட் அடித்த தரை போட்டால் படகை விற்கும்போது விலை போகாதே?" என்பார்கள். இரண்டாயிரம் டாலர் படகுக்குத் தேக்குத் தரை போட்டால், விற்கும்போது அது நாலாயிரம் ஆகிவிடாது. பழைய படகில் போட்ட காசு திரும்ப வருவது அபூர்வம். அதனால் குறைவாகப் போடுவதுதான் புத்தி.

"மலிவாகப் போட்டால் இரண்டு வருடத்தில் திரும்பப் போட வேண்டும்" என்பது அடுத்தது. மலிவு என்றால் ஓரத்தைப் பூசாமல் விடுவது என்று அர்த்தமில்லை. நான் மிச்சம் பிடிக்கச் சொல்வது முகத்தில், ஓரத்தில் இல்லை. நம்முடைய பட்ஜெட்டில் எபாக்ஸியின் செலவு மரத்தின் செலவை எட்டினாலும் ஆச்சரியப்படாதீர்கள், அது சரியான கணக்குதான்.

"அழகு வேண்டாமா?" என்பதற்கு மட்டும் என்னிடம் முழு பதில் இல்லை. பெயர்பெற்ற ஒரு பழைய மரப் படகைப் பேணிக் காப்பவர் தேக்குதான் போட வேண்டும், அது வேறு மரியாதை. ஆனால் அச்சில் ஆயிரக்கணக்கில் வார்த்த படகுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இதில் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பழைய ஃபைபர்கிளாஸ் படகுகள் துறைமுகம் துறைமுகமாகக் கைவிடப்பட்டுக் கிடக்கின்றன. அவை மட்காது, உருக்கி வேறொன்றாக வார்க்கவும் முடியாது. வாஷிங்டன் மாநிலம் 2002-ல் இப்படிக் கைவிட்ட படகுகளை அகற்றுவதற்கென்றே ஒரு திட்டம் ஆரம்பிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு படகையும் யாரோ ஆசையாக வாங்கியிருப்பார். "எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு இறக்கலாம்" என்று தள்ளிப் போட்டே கைவிட்டவர்கள் அதில் எத்தனையோ பேர். இந்த 'ஒழுங்காக' என்ற வார்த்தைக்கு நாம் கொடுக்கிற அர்த்தம்தான் பிரச்சினை. ஒழுங்கான தரை என்றால் தண்ணீர் குடிக்காத, கையால் திறக்கிற தரை. அதற்கு மூன்று வாரக் கடைசிகள் போதும், மாணவன் பாக்கெட்டும் தாங்கும். கோடை முடிவதற்குள் பாயும் விரிக்கலாம்.

டிஸ்கி: மேலே சொன்னது ஓய்வு நேரத்தில், கரையோரமாக ஓட்டுகிற சின்னப் படகுக்கு. இதை நம்பி அட்லாண்டிக்கைத் தாண்டப் புறப்பட்டால் கம்பெனி பொறுப்பல்ல :)